பாயைச் சுருக்கத் தெரியுமா?

கரீபியத் தீவுகளுக்கிடையே படகிலேயே தங்கி, படகிலேயே படித்து, மாலுமிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தத் தாள் எதற்குச் சாட்சி சொல்கிறது?

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் வரைபடத்தை விரித்தால், பாய்மரப் படகோட்டக் கற்றுக்கொடுக்கவே யாரோ உட்கார்ந்து வரைந்தது போலிருக்கிறது. வடக்கில் டோர்டோலா என்ற மலைத்தீவு. தெற்கில் நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் என்று சிறு தீவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக. கிழக்கில் வர்ஜின் கோர்டா. நடுவே ஏழெட்டு கிலோமீட்டர் அகலத்தில் சர் பிரான்சிஸ் டிரேக் நீரிணை. அட்லாண்டிக்கின் பெரிய அலைகளைத் தீவுகள் வெளியிலேயே மறித்துவிடுகின்றன. காற்றுக்கு மட்டும் தடையில்லை. ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து 15 முதல் 20 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் வீசும் வணிகக் காற்று அது. கடல் ஏற்றவற்றம் அரை மீட்டர்கூட இல்லை. எந்தத் தீவில் நின்றாலும் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும், ஒரே ஒரு தீவைத் தவிர. அந்தத் தீவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1969-ல் டோர்டோலாவின் ரோடு டவுனில் மூரிங்ஸ் நிறுவனம் தொடங்கியது. மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்குக் கொடுத்து, ஓட்டுவதை வாடிக்கையாளரிடமே விட்டுவிடும் தொழில் அதிலிருந்து இங்கே வேர்விட்டுப் பெருகியது. இந்தத் தொழிலின் சிக்கல் எளிதானது. ஒரு வீட்டின் விலை பெறும் படகை, நேற்றுவரை முகம் தெரியாத ஒருவரிடம் எதை நம்பி ஒப்படைப்பது? படகில் ஏறப்போவது அவருடைய மனைவியும் குழந்தைகளும்கூட. இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் இன்றைய சான்றிதழ் படிப்புகளை நான் பார்க்கிறேன்.

உலகில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. ஒன்று, 1875-ல் தொடங்கிய பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்தது. இன்னொன்று, 1983-ல் பிறந்த அமெரிக்கன் செய்லிங் அசோசியேஷன் வகுத்தது. வர்ஜின் தீவுகளுக்குப் படிக்க வருபவர்களில் பலர் இரண்டாவதைப் படிக்கிறார்கள். 101 என்ற எண்ணுள்ள முதல் பாடம் பாய், காற்று, அடிப்படை ஓட்டம். 103 கரையோரப் பயணம். 104 பல நாள் படகிலேயே வாழ்ந்து, தானே தலைமை ஏற்று ஓட்டுவது. மூன்றையும் ஒரே வாரத்தில், படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள 40 அடிப் படகில் முடித்துவிடலாம். பகலில் ஓட்டம், இரவில் நங்கூரமிட்ட படகின் மேசையில் எழுத்துத் தேர்வு.

பிரிட்டிஷ் முறை வேறு. அதன் 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் படிப்பில் சேருமுன்பே ஐந்து நாள், நூறு கடல் மைல், நான்கு இரவு மணி நேரம் படகில் கழித்திருக்க வேண்டும். முடிவில் எழுத்துத் தேர்வு கிடையாது. பயிற்றுநர் வாரம் முழுக்கக் கவனித்துத் தீர்மானிப்பார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், எனக்குப் பிரிட்டிஷ் முறையின் மேல்தான் மரியாதை அதிகம். கடல் கேள்வித்தாள் கொடுத்துச் சோதிப்பதில்லை.

நான் ஏறிய படகில் முதல் பாடம் பாயைப் பற்றியதே அல்ல. எஞ்சினைத் திறந்து எண்ணெய் அளவு பார்ப்பது, பெல்ட்டை அழுத்திப் பார்ப்பது, கடல்நீர் வடிகட்டியில் புல் சிக்கியிருக்கிறதா என்று கவனிப்பது. ஓட விட்டதும் பின்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும், புகைக்குழாய் புகையோடு நீரும் துப்புகிறதா என்று. நீர் வரவில்லையென்றால் எஞ்சினைக் குளிர்விக்க எதுவுமில்லை என்று பொருள். அடுத்து எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும், வெளியே போக வழியில்லை. அதனால் சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுவது தவறவே கூடாத பழக்கம். பிறகு குடிநீர்த் தொட்டி, பேட்டரி, கழிப்பறை வால்வு. படகில் கால் வைக்கும் எவருக்கும் நீலக்கடல் கனவு இருக்கும். எங்கள் பயிற்றுநர் அந்தக் கனவைத் தொடவில்லை. அதற்குக் கீழே ஓடும் குழாய்களைக் காட்டினார், அவ்வளவுதான்.

பாய் ஏறிய பிறகு பேச்சு மாறுகிறது. ஆஞ்சானை இழுத்துப் பெரிய பாயை உயர்த்து, முன்பாயை அவிழ்த்துவிடு, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை வின்ச்சில் மூன்று சுற்று சுற்றி இழு. நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் போகாது. காற்றுக்கு இருபுறமும் சுமார் 45 பாகை சாய்த்து, ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று வெட்டி வெட்டித்தான் முன்னேற முடியும். மேற்கே நார்மன் தீவிலிருந்து கிழக்கே வர்ஜின் கோர்டாவுக்குப் போக நினைப்பவருக்கு அதனால் நாள் முழுக்க வேலை இருக்கும். ஒவ்வொரு முறை வெட்டித் திரும்பும்போதும் யார் சுக்கானில், யார் கயிற்றில், யார் எதிரே வரும் படகைப் பார்ப்பது என்று சொல்லியாக வேண்டும். இரண்டு பாய்ப் படகுகள் எதிரெதிர் வந்தால், காற்றை இடப்பக்கம் வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். 1972-ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கடல் மோதல் தடுப்பு விதிகளில் அது ஒன்று.

இனி, தலைப்பில் உள்ள கேள்வி. காற்று 10 நாட்டிலிருந்து 20 நாட்டுக்கு ஏறினால் பாய்மேல் விழும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. படகு ஒருக்களித்துச் சாயும். சுக்கான் கைக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும். பலம் போட்டுப் பிடித்துக்கொண்டு, வேகம் கூடிவிட்டது என்று மகிழ்வதுதான் புதியவரின் இயல்பு. பயிற்சி அந்த இயல்பைத்தான் உடைக்கிறது. பெரிய பாயின் அடிப்பகுதியை இறக்கிக் கட்டி, பரப்பைக் குறைக்க வேண்டும். செய்து பார்த்தால் புரிகிறது: படகு நிமிர்கிறது, சுக்கான் இளகுகிறது, வேகமோ அநேகமாகக் குறைவதேயில்லை. சிலசமயம் கூடுகிறது. காரணம், அளவுக்கு மீறிச் சாய்ந்த படகு தன் சக்தியில் ஒரு பகுதியைத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளுவதிலேயே செலவழிக்கிறது.

எப்போது சுருக்குவது? கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் விதி ஒன்றே. சுருக்கலாமா என்று முதல்முறை தோன்றும்போதே. இரண்டாம் முறை தோன்றும்போது காற்று ஏறியிருக்கும், கை நடுங்கும், கயிறு சிக்கும். இரட்டை உடல் கொண்ட கேடமரான் படகுகளில் இன்னும் கவனம் வேண்டும். இன்று இந்தத் தீவுகளில் வாடகைக்குப் போகும் படகுகளில் பெரும்பங்கு அவைதான். அவை சாய்வதில்லை. கோப்பையில் தேநீர் ததும்பாது. சாயாத படகு எச்சரிக்கையும் தராது. அதனால் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து, இத்தனை நாட்டுக்கு இவ்வளவு பாய் என்ற அட்டவணைப்படிதான் சுருக்க வேண்டும். கேடமரான் ஓட்டத்துக்கென்று அமெரிக்க முறையில் 114 என்ற தனிச் சான்றிதழே உண்டு.

நான் இந்தப் படிப்பைப் பற்றி எழுத நினைத்ததே இதற்காகத்தான். துணிச்சலுக்குச் சான்றிதழ் தருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வாரம் முழுக்க அங்கே சொல்லித்தருவது, சரியான நேரத்தில் பின்வாங்குவதைத்தான். பாயைக் குறை. நாலு மணிக்குள் நங்கூரம் போடு. இன்று அந்தத் தீவுக்குப் போக வேண்டாம். இந்த மூன்றையும் சக பயணிகளின் ஏமாந்த முகத்துக்கு எதிரே சொல்லத் தெரிந்தவர்தான் படகின் தலைவர்.

ஆள் கடலில் விழுந்தால் மீட்கும் பயிற்சியிலும் இதே பாடம் வேறு உருவில் வருகிறது. ஒரு மிதவையைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'ஆள் விழுந்தாச்சு!' என்று கத்துவார்கள். 6 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தாண்டிவிடும். அந்தத் தூரத்தில், அலைக்கு நடுவே, மனிதத் தலை தெரியவே தெரியாது. அதனால் ஒருவருக்கு வேறு வேலையே இல்லை. விழுந்தவர் மேலிருந்து கண்ணெடுக்காமல், கையை நீட்டிச் சுட்டியபடி நிற்க வேண்டும். கயிறு சிக்கினாலும், பாய் படபடத்தாலும், அவர் திரும்பக் கூடாது. மற்றவர்கள் எட்டு வடிவில் படகைச் சுற்றிக் கொண்டுவந்து, பாயைத் தளர்த்தி, விழுந்தவர் அருகே வேகம் ஓயச்செய்து நிறுத்துவார்கள். மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இதைத்தான், உதடு வெடிக்க, தோள் வலிக்க.

சால்ட் தீவின் மேற்கு முனையில் கடலடியில் ஒரு கப்பல் கிடக்கிறது. ஆர்.எம்.எஸ். ரோன். பிரிட்டனின் அஞ்சல் நீராவிக் கப்பல். 1867 அக்டோபர் 29 காலை பீட்டர் தீவின் துறையில் நங்கூரமிட்டு நின்றது. காற்றழுத்தமானி இறங்கத் தொடங்கியது. சூறாவளிப் பருவம் முடிந்துவிட்டது என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். வந்தது சூறாவளிதான். அதன் முதல் பாதியைக் கப்பல் எப்படியோ தாங்கியது. நடுவே, புயலின் கண் கடந்த அமைதியில், நங்கூரம் சிக்கிச் சங்கிலி அறுந்துபோனது. திறந்த கடலுக்கு ஓடித் தப்புவதென்று முடிவு செய்து கேப்டன் முழு வேகத்தில் விட்டார். முனையைக் கடப்பதற்குள் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்பி வந்து கப்பலைப் பாறையில் அறைந்தது. கொதித்துக்கொண்டிருந்த பாய்லர்களில் குளிர்ந்த கடல்நீர் புகுந்து வெடிக்க, கப்பல் இரண்டாகப் பிளந்தது. 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கேப்டனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் வானிலை அறிக்கை இல்லை. நம் கையில் இருக்கிறது. பள்ளிகள் தினமும் காலையில் காற்று முன்னறிவிப்பை வாசிக்க வைத்து, அதன்படி அன்றைய வழியை மாணவரே தீர்மானிக்கச் சொல்வதன் அருமை, அந்த முனையைக் கடக்கும்போது உறைக்கிறது.

நங்கூரம் போடுவதைச் சாதாரணமாக நினைத்திருந்தேன். அதில் கணக்கு இருக்கிறது. தண்ணீரின் ஆழம் 5 மீட்டர், படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 6. முழுக்கச் சங்கிலியென்றால் அதைப்போல் ஐந்து மடங்கு, 30 மீட்டர் விட வேண்டும். கயிறென்றால் ஏழு மடங்கு, 42 மீட்டர். நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லை. கிடைமட்டமாக இழுபடும்போது மணலைக் கிளறி உள்ளே புதைந்து பிடிக்கிறது. நீளம் போதாவிட்டால் மேல்நோக்கி இழுபட்டுப் பெயர்ந்துவிடும். கடற்புல் மேல் போட்டால் பிடிக்காது, புல்லும் பாழாகும். வெளிர் நீலமாகத் தெரியும் மணல் திட்டைத் தேட வேண்டும். போட்ட பிறகு எஞ்சினைப் பின்னுக்கு விட்டு இழுத்துப் பார்த்து, கரையில் ஒரு மரத்தையும் ஒரு பாறையையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டு, கடைசியாக முகக்கண்ணாடி மாட்டி நீந்திப் போய்க் கண்ணால் பார்த்துவர வேண்டும். அந்த நீச்சல் முடிந்து ஏறியபின் வரும் தூக்கம் நல்ல தூக்கம்.

கண்ணுக்குத் தெரியாத தீவு என்று சொன்னேனே, அது அனெகாடா. மற்றத் தீவுகள் எரிமலையால் உயர்ந்தவை. இது பவளமும் சுண்ணாம்பும் சேர்ந்த தட்டைத் தரை. இதன் மிக உயர்ந்த இடமே எட்டரை மீட்டர்தான். வர்ஜின் கோர்டாவின் வடக்குத் துறையிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். புறப்படும்போது முன்னே வெறும் கடல்தான் இருக்கும். நெடுநேரம் கழித்து அடிவானத்தில் முதலில் மர உச்சிகள் புள்ளிகளாகத் தெரியும், அதற்குப் பிறகே தரை. தீவின் தென்கிழக்கே 29 கிலோமீட்டர் நீளத்துக்கு ஹார்ஸ்ஷூ பவளத் திட்டு நீருக்குச் சற்றுக் கீழே படுத்திருக்கிறது. அதில் உடைந்த கப்பல்கள் நூற்றுக்கும் மேல்.

இங்கேதான் வரைபடப் பாடம் உயிர்பெறுகிறது. திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. இந்தப் பகுதியில் ஏறத்தாழ 13 பாகை மேற்கே விலகி நிற்கிறது. சென்னையில் அந்த விலகல் மிகச் சிறியது. நம் கரையில் கற்றவர் அதைக் கண்டுகொள்ளாமலே காலம் தள்ளலாம். இங்கே முடியாது. அனெகாடா தூரத்துக்கு 13 பாகை பிசகினால் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேர்வீர்கள். ஒருபக்கம் பிசகினால் திறந்த கடல், மறுபக்கம் பிசகினால் பவளத் திட்டு. ஜி.பி.எஸ். இருக்கிறதே என்றால், இருக்கிறது. அது அணைந்துபோனதாக வைத்துக்கொண்டு, பென்சிலும் இணைகோட்டு அளவுகோலும் கொண்டு வழி குறிக்கச் சொல்கிறார்கள்.

கரையை நெருங்கினால் மிதவைகளைப் படிக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களின் கடலெங்கும், துறைக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். இந்தியாவில் நேர் எதிர். நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். உலகமே இப்படி இரண்டு வட்டாரமாகப் பிரிந்து கிடக்கிறது. நம்மூரில் பழகிய கண்ணுக்கு அங்கே ஆபத்து அதிகம். அதற்கும் மேல் நீரின் நிறம். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை ஆழமில்லாத மணல், பழுப்பு பவளம். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நிறம் பிரிந்து தெரியும். நாலு மணிக்குமேல் சாய்ந்த வெயிலில் நீர் முழுக்க வெள்ளிப் பளபளப்பு, பவளம் அதனடியில் மறைந்துவிடும். 'நாலு மணிக்குள் நங்கூரம்' என்ற விதிக்கு இதுதான் காரணம். வாடகைப் படகுகளுக்கு இரவு ஓட்டத்தை நிறுவனங்கள் தடைசெய்வதும், அவற்றில் சில அனெகாடாவுக்கே தனி அனுமதி கேட்பதும் இதனால்தான்.

சரி, அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் வாடகைப் படகு ஓட்ட அரசு உரிமம் கட்டாயமில்லை. படகு நிறுவனம் உங்கள் அனுபவக் குறிப்பைக் கேட்கும்: எத்தனை அடிப் படகு, எந்தக் கடல், எவ்வளவு காற்று, நீங்கள் தலைவரா உதவியாளரா. சந்தேகம் வந்தால் முதல் ஓரிரு நாளுக்கு ஒரு கேப்டனை உங்கள் செலவில் ஏற்றிவிடும். மத்தியதரைக் கடலில் கதை வேறு. கிரீஸ், குரோவேஷியாவில் காகிதம் இல்லாமல் சாவி கிடைக்காது. ஆனால் தாளின் உண்மை மதிப்பு இந்தச் சட்டங்களில் இல்லை என்பது என் எண்ணம். ஒரு வாரத்தில் வாங்கிய சான்றிதழோடு, மாலுமியாகிவிட்டோம் என்று நம்பி அடுத்த மாதமே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அனுபவமுள்ள ஒருவரோடு உதவியாளராகச் சில பயணங்கள் போனபிறகு தலைமை ஏற்பதே முறை. பிரிட்டனின் 'யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்' தேர்வுக்கு உட்காரவே 50 நாளும் 2,500 கடல் மைலும் கேட்கிறார்கள் என்றால் அதில் காரணம் இருக்கிறது.

படிக்க வருகிறவர்கள் தீவு மக்களைப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு குறை. அடிமை முறை 1834-ல் ஒழிந்தபின், ஆப்பிரிக்க வம்சாவளியினரான இம்மக்கள் தாங்களே மரம் வெட்டி, தாங்களே படகு கட்டி ஓட்டினார்கள். டோர்டோலா ஸ்லூப் என்று பெயர்பெற்ற அந்தப் பாய்மரப் படகுகளில் கால்நடையும் கரியும் ஏற்றி செயின்ட் தாமஸ் சந்தைக்குப் போனார்கள். தீவின் வாழ்வே அந்தப் பாய்களில் தொங்கியது. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் இத்தீவுகளை நொறுக்கியது. புயலுக்கு ஒதுங்கும் இடமென்று நம்பியிருந்த பராகிட்டா விரிகுடாவில் நூற்றுக்கணக்கான வாடகைப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அதிலிருந்து துறைகளையும் தொழிலையும் மீட்டெடுத்தவர்கள் இந்த மக்கள். அவர்களிடம் படிக்கக் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரீபியப் பயணம் செலவு மிகுந்தது. மூன்று சான்றிதழுக்காக உடனே கிளம்ப வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஓட்டிப் பழகலாமே என்றால், அவை தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் புறப்பட்டு, இருவராக உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய கடற்படை அதிகாரிகளில் ஒருவரான ரூபா, புதுச்சேரியைச் சேர்ந்தவர். தொண்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. படகு சாயும்போது பலகையில் ஏறிக் காற்றுப்பக்கம் எட்டித் தொங்கி நிமிர்த்தும் அந்த இளைஞர்களுக்கு, காற்றின் விசையைப் பற்றி எந்தப் பாடநூலும் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அவர்கள் கையில் சான்றிதழ் இல்லை. அதைக் கொடுக்க ஒரு வழியை நம் அரசு உண்டாக்கினால், உலகத் துறைகளில் படகு ஓட்டும் வேலை அவர்களுக்குத் திறக்கும். இதை நான் விருப்பமாகச் சொல்லவில்லை, கோரிக்கையாகவே வைக்கிறேன்.

தொடங்க நினைப்பவர் முதலில் ஒரு சின்ன டிங்கியில் தொடங்குங்கள். ஒருவர் உட்காரும் அந்தப் படகில் காற்று ஏறியது முதுகில் தெரியும், தவறினால் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பீர்கள். நீச்சலும் உயிர்காப்புச் சட்டையும் முன்நிபந்தனை. ஒரு பருவம் அதில் ஊறியபின் பெரிய படகுக்கு வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் வர்ஜின் தீவுகளில் காற்று அவ்வப்போது 25 நாட்டைத் தாண்டும், புதியவருக்கு ஆகாது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். மார்ச் முதல் மே வரை உள்ள மாதங்கள் நல்லவை. கயிறு முடிச்சுகளை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். போலின் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு, கை ஈரமாக இருக்கும்போதும், போடத் தெரிந்திருக்க வேண்டும்.